முகத்துக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை? அறிகுறியைப் பார்த்துப் பொருளை மாற்றும் வழிமுறை

சென்னையில் "எனக்கு ஆயிலி ஸ்கின்" என்று சொல்லாதவர் குறைவு. கத்திரி வெயிலில் பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கும் எந்த முகமும் பளபளக்கத்தான் செய்யும். அதில் பெரும்பகுதி வியர்வை. அதே முகம் ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஏசியில் இருந்துவிட்டு வந்தால் கன்னத்தில் வெள்ளையாகப் பொருக்கு தட்டும். எண்ணெய்க்கு ஒரு ஃபேஸ் வாஷ், வறட்சிக்கு ஒரு கிரீம், கருமைக்கு ஒரு சீரம் என்று வாங்கி அடுக்கினால் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நான்காவதாக எரிச்சல் வந்து சேரும்.

ஒரே அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் இருப்பதுதான் இதில் சிக்கல். நெற்றியில் பொரிப்பொரியாக வருவது பருவாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். ஒன்றுக்குப் போடும் மருந்து மற்றதைக் கிளப்பிவிடும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எதை நிறுத்துவது, அப்புறம் எதை வாங்குவது என்ற வரிசையிலேயே போகிறோம்.

## எதையும் வாங்கும் முன்

இரண்டு வாரத்துக்கு மூன்றே பொருள்: மணமில்லாத மைல்டான கிளென்சர், சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். சீரம், ஸ்கிரப், டோனர், ஃபேஸ் பேக், பார்லர் ஃபேஷியல், ப்ளீச் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதன் பிறகு ஒரு சோதனை. காலையில் முகம் கழுவி, டவலால் ஒற்றி, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் இருங்கள். ஏசி அறையும் வேண்டாம், அடுப்படியும் வேண்டாம். இரண்டு இடத்திலும் முடிவு தப்பாக வரும். டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வியர்வை பட்ட ஈரம் காய்ந்து மறைந்திருக்கும். எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவும் கறையாக நிற்கும். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் கறை, கன்னத்தில் இல்லை என்றால் கலப்புத் தோல். நான்கிலும் கறை இருந்தால் எண்ணெய்த் தோல். எதிலும் இல்லாமல் முகமும் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். கறையும் இருக்கிறது, இழுத்தும் பிடிக்கிறது என்றால் அது எண்ணெய்த் தோல்தான். கடுமையான ஃபேஸ் வாஷ் போட்டுப் போட்டு மேலடுக்கு கெட்டுப்போயிருக்கிறது. ஆயிலி ஸ்கின் என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் நீக்கும் பொருளாகவே வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நான்காவது விடைதான் வரும்.

மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை இதைச் செய்து பார்த்தால் விடை மாறலாம். ஒரே மாய்ஸ்சரைசரை வருஷம் முழுக்க ஓட்ட முடியாததன் காரணம் அதுதான்.

## "முகம் கழுவின அஞ்சு நிமிஷத்துல இறுக்கிப் பிடிக்குது"

கழுவியதும் முகம் கிறீச்சென்று இருந்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். தோலின் மேலடுக்கில் இருக்க வேண்டிய கொழுப்பும் சேர்ந்து கழுவுண்டு போனால்தான் அப்படி இருக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது குளிக்கும் சோப்பை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சோப்போ 9 முதல் 10 வரை போகும் காரம். டி.எஃப்.எம். அதிகமான சோப்பு மைல்டானது என்று ஒரு நம்பிக்கை உண்டு. டி.எஃப்.எம். என்பது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. டாய்லெட் சோப்பு முதல் தரமாக இருக்க இந்தியத் தரக் குறியீட்டின்படி குறைந்தது 76 சதவீதம் வேண்டும். அப்படிப்பட்ட சோப்பு சீக்கிரம் கரையாது, உடம்புக்குப் போட நல்லதுதான். ஆனால் காரத்தன்மை குறைந்துவிடாது.

அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொருள் பட்டியலைப் படியுங்கள். முதலிலேயே சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்றிருந்தால் அது சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்றிருந்தால் அது சின்டெட் என்னும் சோப்பில்லாக் கட்டி. முகத்துக்கு இதுதான் ஏற்றது. 'பாத்திங் பார்' என்ற பெயரில் மலிவு சோப்பும் வரும், சின்டெட்டும் வரும். பெயரை வைத்து எடைபோட முடியாது.

அடுத்த சந்தேகம் தண்ணீர். போர் தண்ணீர் வரும் வீட்டில் குழாய் மூக்கிலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா? சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறதா? அந்தக் கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் தோலில் தங்கும். கழுவிய பிறகும் வழுவழுப்பு, காய்ந்ததும் இறுக்கம், தாடையோரம் அரிப்பு எல்லாம் அந்தப் படிவால் வருபவை. சின்டெட் இந்தப் பிசுக்கை உண்டாக்காது என்பதால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிக்கு, கடைசியாக ஒரு மக் கேன் தண்ணீரில் முகத்தை அலசுங்கள். ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் குளோரினைக் குறைக்கலாம். கடினத்தன்மையை எடுக்கும் என்று நம்பிக் காசு போட வேண்டாம்.

கழுவும் முறையையும் பாருங்கள். கிளென்சர் அரை டீஸ்பூன் போதும், அரை நிமிடம் போதும், வெந்நீர் வேண்டாம். துடைத்த கையோடு, முகத்தில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். இதையெல்லாம் செய்தும் ஒரு வாரத்தில் இறுக்கம் குறையவில்லை என்றால் காலையில் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, இரவில் மட்டும் கிளென்சர் போடுங்கள்.

## "பதினோரு மணிக்கெல்லாம் எண்ணெய் வழியுது"

எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன் சொல்கிறபடி வேலை செய்பவை. ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவினாலும் சுரப்பு குறையாது; மேலடுக்கு மட்டும்தான் தேயும். காலை, இரவு, அதிகமாக வியர்த்தால் இன்னொரு முறை என்பது வரம்பு. நடுவில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

மாய்ஸ்சரைசரை அடியோடு விடுவது பலரும் செய்வது. கிரீமை விட்டுவிட்டு ஜெல்லுக்கு மாறினால் போதும். கிளிசரின் அல்லது ஹயலூரானிக் அமிலம் உள்ள, எண்ணெய் சேராத ஜெல் ஒரு பட்டாணி அளவு. புழுக்கமான நாளில் சன்ஸ்கிரீனே மாய்ஸ்சரைசர் வேலையையும் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் போட்டு முகத்தை மெழுகியதுபோல் ஆக்க வேண்டியதில்லை. இரவில் ஏசி போட்டுத் தூங்குபவர்கள் மட்டும் படுக்கும் முன் செராமைடு (தோலின் மேலடுக்கில் இயல்பாக இருக்கும் கொழுப்பு) உள்ள லோஷன் ஒன்றைக் கன்னத்தில் தடவலாம்.

சுரப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்த நியாசினமைடு (வைட்டமின் பி3-ன் ஒரு வடிவம்) 2 முதல் 5 சதவீதம் வரை உள்ளதை வாங்குங்கள். கடையில் 10 சதவீதம்தான் முன்வரிசையில் இருக்கும். எண் பெரிதானால் பலன் இரட்டிப்பாகாது. முகம் சிவப்பதுதான் கூடும்.

## "பரு போகவே மாட்டேங்குது"

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பரு எங்கே இருக்கிறது, அரிக்கிறதா, எல்லாம் ஒரே அளவா என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

நெற்றியிலும் முதுகிலும் மார்பிலும் குண்டூசித் தலையளவில், எல்லாம் ஒரே மாதிரி, கூடவே அரிப்பு. வியர்த்தால் அதிகம், பருவுக்கான ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோது இன்னும் பெருகியது. இப்படி இருந்தால் அது பருவே இல்லாமல் இருக்கலாம். மலசீசியா என்னும் பூஞ்சை முடி வேர்க்கால்களில் பெருகுவதால் வருவது இது. பொடுகுக்கும் இதே பூஞ்சைதான் கூட்டாளி. ஈரப்பதம் குறையாத கடற்கரை ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. எண்ணெய்கள் இதற்குத் தீனி. முகத்தில் தேங்காய் எண்ணெயோ, 'நேச்சுரல்' என்ற ஃபேஸ் ஆயிலோ தடவுவதை உடனே நிறுத்துங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை நுரைக்கவிட்டு, பாதித்த இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள், கண்ணில் படாமல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று வாரம். குறையவில்லை என்றால் நம் கணிப்பு தவறு; தோல் மருத்துவரிடம் போங்கள்.

முடி முளைக்கும் விளிம்பை ஒட்டி, நெற்றி மேலும் காதோரமும் மட்டும் சின்னச் சின்னக் கட்டிகள், அரிப்பு இல்லை. இது தலை எண்ணெயின் வேலை. தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக்கூடியது. தலைக்குத் தடவியது வியர்வையோடு இறங்கி நெற்றியில் நிற்கிறது. எண்ணெயை விட மனமில்லை என்றால், தலைகுளிக்கும் முன் ஒரு மணி நேரம் மட்டும் தடவிக் கழுவிவிடுங்கள். ராத்திரி தடவிப் படுத்தால் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்கும் வரும். குளிக்கும்போது கண்டிஷனரை அலசிய பிறகு கடைசியாக முகம் கழுவுங்கள்.

ஹெல்மெட் பட்டையும் கன்னத்து பஞ்சும் அழுத்தும் இடத்தில் மட்டும் பரு வந்தால் மருந்து இரண்டாம்பட்சம். உள்துணியைக் கழற்றி வாரம் ஒரு முறை துவையுங்கள். கழற்ற முடியாததென்றால் மெல்லிய காட்டன் குல்லாய் போட்டு அதை தினமும் மாற்றுங்கள்.

தாடையோரமும் கழுத்தின் மேற்பகுதியும் ஆழமான, தொட்டால் வலிக்கும் கட்டிகளாக, மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பெரிதாகி வந்தால் ஹார்மோன் தொடர்பு உண்டு. விலக்கும் தள்ளிப்போகிறது, முகத்தில் முடியும் கூடுகிறது என்றால் பி.சி.ஓ.எஸ். என்னும் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஃபேஸ் வாஷால் சரிசெய்ய முடியாது.

இவை எதிலும் சேராத, கரும்புள்ளியும் வெண்புள்ளியும் சிவந்த பருவும் கலந்து வரும் வழக்கமான பருவுக்கு இரண்டு பொருள் போதும். கரும்புள்ளி அதிகம் என்றால் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம். எண்ணெயில் கரையும் என்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். சிவந்து சீழ் கோப்பவை அதிகம் என்றால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். 5, 10 சதவீதமும் கிடைக்கும்; பலன் கிட்டத்தட்ட ஒன்றே, எரிச்சல் மட்டும் கூடுதல். இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். பட்டுப் புடவை, கலர் தலையணை உறை பத்திரம், வெள்ளை டவல் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

அடாபலீன் 0.1 சதவீதம் என்னும் பரு மருந்து இவற்றைவிட வலுவானது, டாக்டர் ஆலோசனையோடு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடக்கூடாது. இரவில், உலர்ந்த முகத்தில், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு; வாரம் மூன்று நாளில் தொடங்குங்கள். முதல் சில வாரம் பரு கூடியதுபோலவே இருக்கும், அங்கேதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். பலனை 8 முதல் 12 வாரத்துக்கு முன் எடைபோட முடியாது.

பருவின் மேல் டூத்பேஸ்ட், சுண்ணாம்பு, பூண்டு வைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: அவை தோலைப் புண்ணாக்கும், அந்தப் புண் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும்.

## "எது போட்டாலும் எரியுது"

தண்ணீர் பட்டாலே எரிகிறதென்றால் மேலடுக்கு கிழிந்துகிடக்கிறது. காரணம் பெரும்பாலும் சமீபத்தில் சேர்த்த ஒன்றாக இருக்கும்: கிளைகோலிக் அமிலம், வைட்டமின் சி, ரெட்டினால், தினசரி ஸ்கிரப். நாட்டு மருந்துக் கடைப் பொடியும் இந்தப் பட்டியலில் உண்டு. நலங்கு மாவும் பயத்தமாவும் கெட்டவை அல்ல. ஆனால் அவை எண்ணெய்க் குளியலோடு சேர்ந்தவை. நல்லெண்ணெயைத் தேய்த்து ஊறியபின் அந்த எண்ணெயை எடுக்கத்தான் மாவு. ஏற்கெனவே ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவிய முகத்தில் அதே மாவைத் தேய்த்தால் எடுப்பதற்கு எண்ணெய் ஏது? தோல்தான் போகும். பயன்படுத்துவதென்றால் மெல்லிய துணியில் சலித்து, தயிரிலோ பாலிலோ குழைத்து, வாரம் ஒரு நாள். மழைக்காலத்தில் டப்பாவில் கட்டி தட்டிய பொடியைத் தூக்கிப்போடுங்கள், பூஞ்சை பிடித்திருக்கும்.

எலுமிச்சைச் சாறு தனி ரகம். அதன் அமிலம் ஒரு பக்கம். தோலில் சாறு இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே கிளம்பி, பிறகு பழுப்பாகக் கறுக்கும். ரசத்துக்குப் பிழிந்த கையோடு மொட்டை மாடியில் துணி காயப்போட்டால்கூடப் புறங்கையில் கோடுகோடாக இது வருவதுண்டு.

நான்கு வாரம் மணமில்லாத கிளென்சர், செராமைடு மாய்ஸ்சரைசர், அதற்கு மேல் எரியும் இடத்தில் மட்டும் மெல்லிசாக பெட்ரோலியம் ஜெல்லி. வேறொன்றும் வேண்டாம். சன்ஸ்கிரீனும் எரிந்தால் ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் உள்ளதற்கு மாறுங்கள், அல்லது குடை பிடியுங்கள்.

## சன்ஸ்கிரீன் தகராறுகள்

சென்னையில் கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். வெயில் தணிந்ததாகத் தோன்றும் டிசம்பரிலும் வானம் தெளிந்திருந்தால் அது லேசான அளவு அல்ல. ஆகவே இதை விடச் சொல்ல முடியாது. ஆனால் 'ஒத்துக்கல' என்று தூக்கிப்போடப்படும் பொருள்களில் இதற்குத்தான் முதலிடம்.

வெள்ளையாகச் சாம்பல் பூசியதுபோல் தெரிந்தால், பட்டியலில் ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ அதிகம். நம் நிறத்துக்கு நிறமேற்றிய வகை பொருந்தும். இல்லையென்றால் கதிரை உறிஞ்சும் கெமிக்கல் ஃபில்டர் வகை ஜெல்லை எடுங்கள்.

தேய்க்கத் தேய்க்க உருண்டு உதிர்ந்தால், அடியில் போட்ட சீரமோ மாய்ஸ்சரைசரோ காயவில்லை, அல்லது இரண்டும் சேராத ரகம். ஐந்து நிமிடம் இடைவெளி விட்டு, தேய்க்காமல் தட்டித் தட்டிப் போடுங்கள். அப்போதும் உருண்டால் அடியில் போடுவதையே விட்டுப் பாருங்கள்.

கண் எரிந்தால், வியர்வை அதை நெற்றியிலிருந்து கண்ணுக்குள் இறக்குகிறது. புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்ஸைடு ஸ்டிக் வகை, மற்ற இடத்துக்கு வழக்கமானது. லேபிளில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றும் 40 அல்லது 80 நிமிடம் என்றும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

போட்டும் கறுத்தால், அளவு போதவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழு நீளத்துக்கு இரண்டு கோடு. அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறத்தாழ ஒரு கிராம். கணக்குப் போடுங்கள்: 50 கிராம் ட்யூப், நாளுக்கு ஒரு முறை என்றால்கூட இரண்டு மாதம் தாண்டக்கூடாது. ஆறு மாதமாக அதே ட்யூப் ஓடுகிறதென்றால் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) 50 என்று அச்சிட்டிருப்பதில் சிறு பங்குதான் முகத்துக்கு வருகிறது. 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது. சரியாகப் பூசினால் முதலாவது, தோலைச் சுடும் யு.வி.பி. என்னும் புற ஊதாக் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், இரண்டாவது 98. அளவும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூசுவதும்தான் முக்கியம். கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தால் பூசியதும் கூடவே வரும், ஒற்றுங்கள். பஸ் ஜன்னல் கண்ணாடி யு.வி.ஏ. என்னும் இன்னொரு புற ஊதாக் கதிரை உள்ளே விடும் என்பதால், அதைத் தடுக்கும் அளவைக் காட்டும் பி.ஏ. குறியில் மூன்று நான்கு பிளஸ் இருப்பதை எடுங்கள். ட்யூபை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பிரிந்து தண்ணீராக வழியும்.

## "கறுப்பு கறுப்பா திட்டு"

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, மேலுதட்டிலும் நெற்றியிலும் பழுப்பாகப் படர்ந்தால் மங்கு. பிள்ளைப்பேறு காலத்திலும் கருத்தடை மாத்திரையாலும் வரும். இதற்கு வெயில் மட்டுமின்றி கண்ணுக்குத் தெரியும் ஒளியும் காரணம் என்பதால், அயர்ன் ஆக்ஸைடு கலந்த நிறமேற்றிய சன்ஸ்கிரீன் வெறும் சன்ஸ்கிரீனைவிட நன்றாக வேலை செய்யும். கூடவே அசெலயிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம். ஸ்கிரப் போட்டுத் தேய்த்தால் மங்கு அடர்த்தியாகும். நிறம் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் கிரீம் டாக்டர் சொன்ன மாதக்கணக்கோடு நிற்க வேண்டும்; வருஷக்கணக்கில் போட்டால் சாம்பல் நீலமாகக் கறுத்து, அந்தக் கறுப்பு எளிதில் போகாது.

பரு போன இடத்துப் புள்ளிகளுக்குப் பொறுமைதான் மருந்தில் பாதி. சன்ஸ்கிரீனும் நியாசினமைடும் போட்டு, கிள்ளாமல் இருந்தால் சில மாதத்தில் மங்கும்.

பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்து, சின்ன மருக்களும் இருந்தால் அழுக்கு என்று நினைத்து பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளி அடையாளம் அது. வாங்க வேண்டியது கிரீம் இல்லை, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி ரத்தப் பரிசோதனைக்கான சீட்டு.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ, வட்டமாக வெளுப்போ தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள். பசையில் உள்ள சில வேதிப்பொருள்கள் நிறமிச் செல்களையே அழிக்கக்கூடியவை; ஆரம்பத்தில் காட்டினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். நெற்றியோரம், காது, பக்கக் கழுத்து கறுத்து அரித்தால் தலைச்சாயத்தைப் பாருங்கள். 'ஹெர்பல்' என்று அட்டையில் இருந்தாலும் பொருள் பட்டியலில் பாரா ஃபினிலீன் டயமின் என்னும் ஒவ்வாமை தரும் சாயப்பொருள் இருக்கலாம். கல்யாண வீடுகளில் வைக்கும் கறுப்பு மருதாணியிலும் அது உண்டு.

## "அந்த கிரீமை விட்டா முகம் செவந்து எரியுது"

இந்த ஒன்றைப் படித்துவிட்டுத் தள்ளிப்போடாதீர்கள். மெடிக்கலில் 'கலர் வரும்' என்று கொடுத்த ட்யூப், முதல் பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது, பிறகு ஒரு நாள் விட்டாலும் எரிச்சல், சிவப்பு, மெல்லிய ரத்தக் குழாய்கள், கன்னத்தில் புதுசாக முடி, ஒரே அளவில் பருக்கள். இது ஸ்டீராய்டு பழகிய முகம். இந்தியத் தோல் மருத்துவர்கள் வருஷக்கணக்கில் கத்திய பிறகு, 2018-ல் பதினான்கு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்கு வந்தன. கடைக்குக் கடை அது எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பது கவுன்டரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ட்யூபில் தேட வேண்டிய பெயர்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன். மங்குக்கு எழுதும் மூன்று மருந்துக் கலவையிலும் இவற்றில் ஒன்று இருக்கும்; டாக்டர் சொன்ன சில வாரத்துக்கு அது மருந்து, ஃபேர்னஸ் கிரீமாக ஓட்டினால் வினை. மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள்.

படர்தாமரைக்கும் இதே கதை. வட்டமாகப் பரவி ஓரம் தடித்து அரிக்கும் திட்டில், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ட்யூபைத் தடவினால் மூன்று நாளில் அரிப்பு அடங்கும், மூன்று வாரத்தில் இடுப்பு முழுக்கப் பரவியிருக்கும்.

லேபிளே இல்லாத டப்பா இன்னொரு ஆபத்து. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்கும் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் கண்டறிந்தார்கள், காரணம் பாதரசம். அழகுப் பொருளில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது 2020 விதி. கண்ணுக்கு இடும் பொருள்களுக்கு மட்டும் தனி வரம்பு உண்டு. கேலோமல், மெர்க்குரியஸ் குளோரைடு (இரண்டும் பாதரச உப்பின் பெயர்கள்) என்று பட்டியலில் இருந்தாலோ, பொருள் பட்டியலே இல்லாவிட்டாலோ, 'தங்க வெள்ளி நகையில் படக்கூடாது' என்று எச்சரிக்கை இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண் அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும். பார்லரில் கையால் கலந்து தரும் வெள்ளை டப்பாவுக்கும் இதே பதில்தான்.

## சின்ன விஷயங்கள்

வேர்க்குருவுக்குக் காலமைன் லோஷனும், தளர்ந்த பருத்தித் துணியும், காற்றும் போதும்; பவுடரை அப்பினால் வியர்வையோடு குழைந்து இன்னும் அடைக்கும். பித்த வெடிப்புக்கு யூரியா 10 சதவீதத்துக்குக் குறையாத கிரீம், மேலே பெட்ரோலியம் ஜெல்லி, பருத்தி சாக்ஸ், இரவு முழுக்க. வைட்டமின் சி சீரம் பழுப்பாகிவிட்டால் பயன் போய்விட்டது. நம் ஊர் சூட்டில் சின்ன பாட்டிலாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

## புதுசாக ஒன்றைச் சேர்க்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு வாரம் இடைவெளி. முழங்கை மடிப்பின் உட்புறத்தில் அரிசி மணி அளவு, காலை மாலை, ஏழு நாள். ஒரு நாள் தடவிப் பார்த்துவிட்டு 'ஒண்ணும் ஆகல' என்று முகத்துக்குப் போனால் ஒவ்வாமை தெரியாது. அது பல நாள் கழித்தும் தலைகாட்டும். ஏழு நாளும் சரியென்றால் காதோரத்தில் மூன்று நாள், பிறகு முகம். 'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்' என்ற முத்திரை இதற்கு மாற்று இல்லை. என்ன சோதித்தார்கள், என்ன முடிவு வந்தது என்று அந்த இரண்டு சொல்லும் சொல்வதில்லை.

முகம் வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ, திட்டு வெளுத்தாலோ, மூன்று மாதம் முறையாகப் போட்டும் பரு குழி விழுந்துகொண்டே போனாலோ தோல் மருத்துவர்தான். தனியாரிடம் போக வசதியில்லை என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள். போகும்போது மேக்கப் இல்லாமல், இதுவரை முகத்தில் தடவிய எல்லாவற்றையும், காலி ட்யூப், லேபிள் கிழிந்த டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஒரு வெள்ளை கிரீம்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது.